ஃபைபர் பெட்டியும் சொந்த ரவுட்டரும்: வாசகர் கேள்விகள்

புது ரவுட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். கம்பெனி கொடுத்த பெட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்ட முடியாது என்கிறார் லைன்மேன். ஃபைபர் வயரைச் செருக இதில் இடமும் இல்லை. வாங்கியது வீண்தானா?
– வாசகர், திண்டுக்கல்

வீணாகாது. லைன்மேன் சொன்னதும் சரிதான்.

கம்பெனி மாட்டிவிட்டுப் போகும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். அதற்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று, ஃபைபரில் வரும் ஒளியை லேன் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது. இன்னொன்று ரவுட்டர்: வீட்டில் உள்ள போன், டிவி, லேப்டாப்புக்கெல்லாம் முகவரி கொடுத்து, வைஃபை பரப்புவது. முதல் வேலையை உங்களால் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே ஃபைபரை 32 வீடோ 64 வீடோ பங்கு போட்டுக்கொள்கின்றன. எந்தப் பெட்டி எப்போது பேச வேண்டும் என்று எக்ஸ்சேஞ்சில் இருக்கும் மெஷின்தான் முறை வைக்கிறது. அங்கே உங்கள் பெட்டியின் சீரியல் நம்பர் பதிவாகியிருக்கும். கடையில் வாங்கிய வேறு ஓஎன்டியைச் செருகினால், கம்பெனி பதிவு செய்து கொடுக்காதவரை அது சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஆனால் இரண்டாவது வேலையை முழுசாகப் பிடுங்கி உங்கள் ரவுட்டரிடம் கொடுத்துவிடலாம். அதற்குத்தான் பிரிட்ஜ் மோடு.

முதலில் ஒரு எச்சரிக்கை. பெட்டிக்குப் பின்னால் ஊசித்துளையில் இருக்கும் ரீசெட் பட்டனை எந்தக் காரணத்துக்கும் அழுத்தாதீர்கள். யூசர்நேம், விலான் எண் (ஒரே லைனில் நெட், போன் என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எண்) எல்லாம் அழிந்து, கம்பெனி ஆள் வரும்வரை நெட் இருக்காது. எதையும் தொடும் முன், பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து (சில பெட்டிகளில் 192.168.100.1) உள்ளே போய், வான் (WAN, வெளி இணைப்பு) பகுதியில் உள்ள ஒவ்வொரு திரையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து இரண்டு விஷயம் கேளுங்கள்: "ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தர வேண்டும். பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் வேண்டும்." பிபிபிஓஇ என்பது யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்துக் கம்பெனியின் நெட்டுக்குள் நுழையும் முறை. பாஸ்வேர்டு திரையில் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும், அதனால் கேட்டு வாங்கியே ஆக வேண்டும். பெட்டியில் மாற்றம் இவ்வளவுதான்: இன்டர்நெட் என்று பெயரிட்ட வான் இணைப்பை ரூட்டிலிருந்து பிரிட்ஜுக்கு மாற்றி, விலான் எண்ணை இருந்தபடியே விட்டு, அதை லேன் 1 போர்ட்டோடு மட்டும் இணைப்பது. அதே பட்டியலில் வாய்ஸ் என்றோ டிஆர்069 (கம்பெனி தொலைவிலிருந்து பெட்டியைக் கவனிக்கும் வழி) என்றோ வேறு இணைப்புகள் தெரியும். அவற்றில் கை வைக்க வேண்டாம். லேண்ட்லைன் போன் அந்த வாய்ஸ் இணைப்பில்தான் ஓடுகிறது. பிரிட்ஜ் போட்ட பிறகும் போனைப் பெட்டியிலேயே செருகி வைத்திருந்தால் அது வழக்கம்போல் வேலை செய்யும். கடைசியாகப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

இப்போது பெட்டியின் லேன் 1-லிருந்து உங்கள் ரவுட்டரின் வான் போர்ட்டுக்கு ஒரு கேபிள். ரவுட்டரில் பிபிபிஓஇ தேர்ந்தெடுத்து யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுங்கள். இணைப்பு வரவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம். பெட்டியே விலான் முத்திரை போடும்போது ரவுட்டரிலும் அதே எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். இரண்டு முறை முத்திரை விழுந்தால் எக்ஸ்சேஞ்சில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், ரவுட்டரில் எடுத்துவிடுங்கள். அல்லது பழைய லாகின் இன்னும் கம்பெனி சர்வரில் தொங்கிக்கொண்டிருக்கும். பெட்டியைப் பதினைந்து நிமிடம் அணைத்து வையுங்கள், இல்லையேல் 'செஷன் கிளியர்' செய்யச் சொல்லுங்கள். அல்லது பழைய மேக் முகவரியோடு (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) கணக்கைக் கட்டிவைத்திருப்பார்கள். பெட்டியின் வான் மேக் முகவரியை ரவுட்டரில் 'மேக் குளோன்' பகுதியில் எழுதிவிடலாம்.

இணைப்பு வந்து, சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றால் ரவுட்டரின் எம்டியு அளவை, அதாவது ஒரே தடவையில் அனுப்பும் தகவல் பொட்டலத்தின் (பாக்கெட்) உச்ச அளவைப் பாருங்கள். பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் எடுத்துக்கொள்கிறது. ஆகவே 1500 என்று இருப்பது 1492 ஆக வேண்டும்.

பிரிட்ஜ் போட்ட பிறகு பெட்டியின் பக்கத்தைத் திறக்க வேண்டி வந்தால், லேப்டாப்பை லேன் 2-இல் செருகி, 192.168.1.10 என்று (பெட்டி 192.168.100.1 என்றால் 192.168.100.10) கையால் முகவரி கொடுத்துத் திறக்கலாம்.

கம்பெனி பிரிட்ஜ் போட மறுத்துவிட்டால்? பிபிபிஓஇ இல்லாமல் பெட்டியின் அடையாளத்தை வைத்தே இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு, அங்கே இது நடக்காமல் போகலாம். அப்போது உங்கள் ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' மோடில் போடுங்கள். முகவரி கொடுக்கும் வேலை பெட்டியிடம் இருக்கும், நல்ல வைஃபை உங்கள் ரவுட்டரிலிருந்து கிடைக்கும். பல வீடுகளுக்கு இதுவே போதும். குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு, சொந்த டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) போன்றவையும் வேண்டுமென்றால் ரவுட்டர் மோடிலேயே விட்டு, அதன் லேன் முகவரியை 192.168.50.1 என்று மாற்றுங்கள். இரண்டும் 192.168.1.1 என்றிருந்தால் தகராறு வரும். பிறகு பெட்டியில் டிஎம்இசட் (வெளியிலிருந்து வருவதை எல்லாம் ஒரே கருவிக்கு அனுப்பும் செட்டிங்) என்ற இடத்தில் உங்கள் ரவுட்டரின் வான் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். முகவரி இரண்டு முறை மாற்றப்படுவதால் ஆன்லைன் கேம் சிலவற்றில் 'ஸ்டிரிக்ட் நாட்' (மற்ற ஆட்டக்காரர்களோடு நேரடி இணைப்புக்குத் தடை) என்று வரலாம். படம் பார்ப்பதற்கும், வீடியோ காலுக்கும், வங்கி வேலைக்கும் ஒரு குறையும் இருக்காது.

200 எம்பிபிஎஸ் பிளான். கேபிள் போட்டுச் சோதித்தாலும் 94-க்கு மேல் ஏறவில்லை. கம்பெனி ஏமாற்றுகிறதா?
– வாசகி, கும்பகோணம்

94 என்ற எண்ணே விடையைச் சொல்லிவிடுகிறது. 100 எம்பிபிஎஸ் போர்ட்டில், பாக்கெட்டுகளின் தலைச்சுமை போக மிஞ்சுவது 94, 95 தான். லைனில் கோளாறு என்றால் வேகம் 60, 130, 85 என்று அலைபாயும். உங்களுக்கு ஆணியடித்த மாதிரி ஓரிடத்தில் நிற்கிறது. ஆகவே வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் இடுக்கு இருக்கிறது.

பெட்டியில் தொடங்குங்கள். நான்கு லேன் போர்ட் இருந்தாலும் நான்கும் ஒரே வேகம் என்று நினைக்க வேண்டாம். விலை குறைந்த பெட்டிகளில் ஒன்று மட்டும் கிகாபிட் (ஜிஇ என்று போட்டிருக்கும்), மற்றவை 100 (எஃப்இ). ஸ்டிக்கரைப் பார்த்து ஜிஇ போர்ட்டுக்கு மாற்றிச் செருகுங்கள்.

அடுத்தது கேபிள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டுக் கம்பியில் நான்கே போதும்: 1, 2, 3, 6 ஆம் இடங்கள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி முனையைத் தொடாவிட்டாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. கேபிள் முனையில் உள்ள கண்ணாடி போன்ற ஆர்ஜே 45 பிளக்கை, கிளிப் கீழே இருக்கும்படி பிடித்து, வெளிச்சத்தில் பாருங்கள். இடமிருந்து வலமாக ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. எட்டு முனையும் பிளக்கின் நுனிச் சுவரை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்று உள்வாங்கியிருந்தால் வெட்டிப்போட்டுவிட்டு வேறு பிளக் போட வேண்டும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய கேபிள் மலிவுதான், ஆனால் இரண்டு தடவை மடித்தால் உள்ளே முறிந்துவிடும்.

சொந்த ரவுட்டர் வாங்கியவர்களும் இதே இடத்தில் சிக்குகிறார்கள். அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அது 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 என்று இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண். அதே ரவுட்டரின் வான் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸாக இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் 10/100 என்று இருந்தால் வேண்டாம். 10/100/1000 என்று இருப்பதே உங்கள் பிளானுக்குப் பொருந்தும்.

தோட்டத்தில் சிசிடிவி வைத்து, பெட்டியில் போர்ட் ஃபார்வர்டிங்கும் (வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்கு அனுப்பும் செட்டிங்) செய்துவிட்டேன். வெளியூரிலிருந்து திறந்தால் வருவதில்லை.
– வாசகர், பொள்ளாச்சி

பெட்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்ன என்று பாருங்கள். 100.64-இல் தொடங்கி 100.127 வரை ஏதாவது ஒன்றா? அப்படியென்றால் அந்த முகவரி உங்களுக்குச் சொந்தமானதே இல்லை. இணையத்தின் பழைய முறையான ஐபிவி4 முகவரிகள் தட்டுப்பாடானதால், பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள். இதற்கென்றே 2012-இல் ஒதுக்கிய தொகுதிதான் 100.64. (சில கம்பெனிகள் 10-இல் தொடங்கும் முகவரியும் கொடுப்பதுண்டு.) அடுக்குமாடி வாசலில் ஒரே காவலாளி, உங்கள் வீட்டுக் கதவை நீங்கள் திறந்து வைத்தாலும், வருகிறவரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆகவே பெட்டியில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயன் இல்லை.

நேரான வழி, கம்பெனியிடம் ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய, மாறாத வெளி முகவரி) கேட்பது. தனிக் கட்டணம் உண்டு. கேமராவின் ரெக்கார்டரிலேயே க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து பார்க்கும் வசதி இருந்தால் செலவே இல்லாமல் முடிந்துவிடும். அதில் ரெக்கார்டர்தான் வெளியே போய்த் தொடர்பு கொள்கிறது, உள்ளே வரும் கதவு தேவைப்படுவதில்லை. நாங்கள் அதிகம் பரிந்துரைப்பது மூன்றாவது வழியை: வீட்டில் எப்போதும் ஓடும் ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன கம்ப்யூட்டரில் உங்கள் கருவிகளை மட்டும் தனி வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற ஆப்பை நிறுவி, வீட்டு நெட்வொர்க் முழுவதையும் அதன் வழியே எட்டும்படி 'சப்நெட் ரவுட்டர்' ஆக்கிவிடுவது. போனிலும் அதே ஆப். வெளியூரிலிருந்து 192.168.1.64 என்று வீட்டுக்குள் இருப்பதுபோலவே கேமராவைத் திறக்கலாம், இணையத்தில் வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது.

ஸ்டேட்டிக் ஐபி வாங்கி போர்ட்டைத் திறப்பவர்கள் ரெக்கார்டரின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ் உலகெங்கும் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றியது, அவற்றோடு வந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததால்தான்.

கீழ்வீட்டு ஹாலில் பெட்டி. மாடி அறையில் வைஃபை ஒரு கோடுதான் காட்டுகிறது. ரிப்பீட்டர் வாங்கினேன்; கோடு நிறைந்துவிட்டது, வேகம் வரவில்லை.
– வாசகி, நாகர்கோவில்

கோடு காட்டுவது உங்கள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையிலுள்ள சிக்னலின் பலத்தை மட்டும். ரிப்பீட்டருக்கே கீழிருந்து பலவீனமாகத்தான் வருகிறது. போதாததற்கு, வாங்குவதும் கொடுப்பதும் ஒரே ரேடியோவில் என்றால் வேகம் பாதியாகிவிடும். கான்கிரீட் தளத்தின் கம்பிக் கூட்டைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் ஏறுவது கடினம்.

ஒரு கேட் 6 கேபிளை மாடிக்கு இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாது. வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிள், அதுவும் பிவிசி குழாய்க்குள். கரண்ட் வயர் போகும் குழாயிலேயே திணிக்க எலக்ட்ரீஷியனை விடாதீர்கள். தோட்டத்தைத் தாண்டி வேறு கட்டடத்துக்குப் போவதாக இருந்தால் செம்புக் கேபிளே வேண்டாம். இடி மின்னலில் இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் போய்விடும். லேன் சிக்னலை ஒளியாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடி வாங்கி, நடுவில் ஃபைபர் போடுங்கள்.

மாடியில் பழைய ரவுட்டர் எதுவானாலும் போதும். அதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஹெச்சிபியை (முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை அதன் வான் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு இரண்டும் கீழே இருப்பதே. சேனல் மட்டும் வேறு: கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. மாடிக்கு வந்தும் போன் கீழ் வைஃபையையே பிடித்துக்கொண்டிருந்தால், கீழ்ப்பெட்டியின் டிரான்ஸ்மிட் பவரை ஒரு படி குறையுங்கள்.

கரண்ட் வயர் வழியே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரை நம்பி வாங்குவதற்கு முன் யோசியுங்கள். நம் ஊரில் த்ரீ ஃபேஸ் வீடுகளில் கீழ்வீடு ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருக்கும்; அங்கே அது சரியாக ஓடாது.

பெட்டியை நகர்த்த முடியுமென்றால் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்தும் இரும்பு பீரோ பக்கத்திலிருந்தும் எடுத்து, ஆள் உயரத்தில் திறந்த இடத்தில் மாட்டுங்கள்.

டிஎன்எஸ், வைஃபை பெயர் எதை மாற்றினாலும் சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. பெட்டி பழுதா?
– வாசகர், வேலூர்

பழுது இல்லை. டிஆர்069 வழியாகக் கம்பெனி தொலைவிலிருந்தே பெட்டிக்கு செட்டிங்ஸும் புது சாஃப்ட்வேரும் அனுப்புகிறது, அப்போது உங்களுடையது அழிந்துவிடுகிறது. அதை அணைக்க வழி தேடாதீர்கள்; லைன் பழுதானால் அவர்கள் பார்ப்பதும் அதன் வழியாகத்தான். முதல் கேள்வியில் சொன்னபடி உங்கள் செட்டிங்ஸை எல்லாம் உங்கள் ரவுட்டரில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அவர்கள் கை எட்டாது. டிஎன்எஸ் மட்டும் போதுமென்றால் ரவுட்டரே தேவையில்லை: ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தியது உள்ள போன்களில் 'பிரைவேட் டிஎன்எஸ்' உண்டு, லேப்டாப்பில் 1.1.1.1 அல்லது 9.9.9.9 என்று கையால் கொடுக்கலாம்.

ஸ்மார்ட் பல்பும் பிரின்டரும் வைஃபையில் சேர மறுக்கின்றன.
– வாசகி, ஈரோடு

இரண்டுக்கும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். பெட்டி இரண்டு பேண்டையும் ஒரே பெயரில் கொடுப்பதால் சேர்க்கும் நேரத்தில் குழப்பம். பெட்டியில் 5-ஐப் பத்து நிமிடம் அணைத்து, பாதுகாப்பை டபிள்யூபிஏ2 என்று வைத்து, கருவிகளைச் சேர்த்தபின் 5-ஐ மறுபடி போடுங்கள். அணைக்க வழியில்லாத பெட்டி என்றால், 2.4-இல் மட்டும் ஒரு கெஸ்ட் நெட்வொர்க் திறந்து அதில் சேர்க்கலாம். ஆனால் கெஸ்ட்டில் உள்ள பிரின்டரை வீட்டு லேப்டாப்பால் பார்க்க முடியாமல் போகலாம். பல்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் இரண்டு மூன்று நிமிடம் போய்விடுகிறது. மினி யுபிஎஸ் வாங்கலாமா? எவ்வளவு நேரம் தாங்கும்?
– வாசகர், திருவண்ணாமலை

வாங்கும் முன் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள். பலவற்றில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் கரண்ட் மாறும் இடைவெளி குறையும், பெட்டி அணையாது. இப்போது அது ஒரு நொடி அணைந்தாலும், மறுபடி எழுந்து எக்ஸ்சேஞ்சில் பதிவாகி முடிக்கத்தான் அந்த இரண்டு மூன்று நிமிடம்.

மினி யுபிஎஸ் வாங்குவதானால் அட்டையில் உள்ள எம்ஏஹெச் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது உள்ளே உள்ள 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. 10,400 எம்ஏஹெச் என்றால் 10.4 × 3.7 = ஏறக்குறைய 38 வாட் அவர். 12 வோல்ட்டுக்கு ஏற்றும்போது சேதாரம் போக 32 கிடைக்கும். பெட்டி 8 வாட், சொந்த ரவுட்டர் 8 வாட் என்றால் இரண்டு மணி நேரம். பெட்டி மட்டும் என்றால் நான்கு. அடாப்டரில் எழுதியிருக்கும் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்பது உச்சவரம்பு, எப்போதும் அவ்வளவு இழுக்காது. வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும்: 9 வோல்ட் ரவுட்டரில் 12-ஐச் செருகினால் போய்விடும். பின்னின் நடுக்கம்பி 2.1 மில்லிமீட்டரா 2.5-ஆ என்றும் பார்த்து வாங்குங்கள். மாறினால் லூசாக நின்று அடிக்கடி அணையும்.

ஒன்று கவனியுங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஃபைபராகவே வரும் லைனில் நடுவில் ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை, அதனால் தெரு இருண்டாலும் உங்களுக்கு நெட் வரும். கேபிள் டிவிக்காரர் கம்பத்துப் பெட்டியில் ஸ்விட்ச் வைத்து லேன் கேபிளாக வீட்டுக்கு இழுத்திருந்தால், அந்தப் பெட்டிக்கும் பேட்டரி இருக்கிறதா என்று அவரிடம் கேட்டுவிட்டு யுபிஎஸ் வாங்குங்கள்.

பெயின்ட் அடிப்பதற்காகப் பெட்டியை நகர்த்தினோம். அதிலிருந்து எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னுகிறது.
– வாசகி, காரைக்குடி

ஒளி வரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் எங்கேயாவது மடங்கியோ நசுங்கியோ இருக்கும். சுவர் மூலையிலும் கதவு இடுக்கிலும் பாருங்கள். சுருட்டி வைத்த மிச்சத்தை டம்ளர் வாயளவுக்குக் குறையாத வளையமாக விரித்துவிடுங்கள். பல சமயம் அதிலேயே விளக்கு பச்சைக்கு வந்துவிடும். பச்சை நிற பிளக் முழுசாக உட்காரவில்லை என்றாலும் இப்படி ஆகும். மெல்ல எடுத்து, மேடும் பள்ளமும் பொருந்தும்படி 'டிக்' என்று கேட்கும்வரை செருகுங்கள். நுனியைத் தொடாதீர்கள், ஊதாதீர்கள். உள்ளே எட்டிப் பார்க்கவும் வேண்டாம்: அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணில் படக்கூடாது. அவசரத்துக்கு நீல பிளக் போட்ட வயரைச் செருகாதீர்கள். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, இரண்டும் ஒட்டி உட்காராது.

விளக்கு பச்சையான பிறகு பெட்டியின் ஆப்டிகல் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் பலம், டிபிஎம் கணக்கில்) பாருங்கள். மைனஸ் 15-க்கும் மைனஸ் 24-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் நெட் விட்டுவிட்டு வரும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் பெட்டியை அணைத்துப் போடச் சொல்வார்கள். "ஆர்எக்ஸ் மைனஸ் 27" என்று சொன்னால் ஃபைபரை ஒட்டும் மெஷினோடு வருவார்.